சினை நண்டு வாங்கிவந்த நாள்

பட்டணம் காலியாகிக்கொண்டிருந்த அந்தச் சித்திரை மாதத்தில் எனக்குப் பத்தொன்பது வயது. யுத்தம் பர்மாவரைக்கும் வந்துவிட்டது, அடுத்தது மதராஸ்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஜப்பான்காரன் கப்பலில் வந்து இறங்குவான் என்று ஒருவர் சொல்வார். ஆகாயத்திலிருந்தே கதையை முடித்துவிடுவான் என்று இன்னொருவர் சொல்வார். மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த சந்தில் பதினோரு வீடுகள். இரண்டு வாரத்துக்குள் எட்டு வீடுகளின் கதவில் பூட்டு ஏறியது. மாட்டுவண்டியில் பாய், பாத்திரம், அம்மிக்குழவி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சனங்கள் போனார்கள். தெருநாய்கள்கூட வண்டிக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பிவந்து, பூட்டின வாசலில் படுத்துக்கொண்டன.

என் வீட்டுக்காரர் டிராம் ஓட்டினார். டிராம் ஓட்டுகிறவர்கள் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. அதனால் நாங்கள் போகவில்லை. நாங்கள் என்றால் அவர், நான், அவருடைய அக்கா.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் இறந்தபிறகு தம்பியை வளர்த்து, வேலையில் சேர்த்து, எனக்குக் கட்டிவைத்ததும் அவர்தான். அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. கெட்ட வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நான் ஏதாவது தப்புச் செய்தால் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார். பிறகு நிதானமாக, "உன்னை உங்க ஊருக்கே அனுப்பிடறேன், இன்னா?" என்பார். என் ஊர் சேலத்துப் பக்கம். அங்கே அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு பாய் விரிக்க இடம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். குண்டைவிட எனக்கு அந்த வாக்கியம்தான் பயம்.

அவருக்கு நண்டு என்றால் உயிர். எனக்கோ நண்டு என்றாலே நடுக்கம். எங்கள் பக்கத்தில் வயல் வரப்பில் ஓடும் சின்ன நண்டைத்தான் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டு அடுப்படியில் உள்ளங்கையைவிடப் பெரிய நண்டு ஒன்று கூடையைவிட்டு இறங்கி என் காலைப் பார்த்து வந்ததும் நான் நடுக்கூடத்துக்கு ஓடிவிட்டேன். பிறகு சமைக்கக் கற்றுக்கொண்டேன். சாப்பிட மட்டும் கடைசிவரை வரவில்லை.

முன்பெல்லாம் மீன்காரப் பெண்கள் கூடையோடு சந்துக்கே வருவார்கள். கடற்கரையில் பட்டாளத்துக்காரர்கள் முள்கம்பி போட்டபிறகு அவர்கள் வருவது நின்றுபோனது. மீன் வேண்டுமென்றால் அடையாற்று முகத்துவாரம்வரை நடந்துபோய் வாங்கிவர வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதல் தடவை போனபோது எனக்கு ஒன்றும் தெரியாது. கூடையில் இருந்தவற்றில் பளபளவென்று நீலமாக, நீண்ட கொடுக்கோடு இருந்த ஆறு நண்டுகளைப் பொறுக்கி வாங்கிவந்தேன். பக்கத்தில் மங்கலாக, பாசி நிறத்தில் கிடந்தவை ஏதோ மட்டமான சரக்கு என்று நினைத்துத் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் கூடைக்கு முன்னால் குந்தி, ஒன்றைத் துடைப்பக்குச்சியால் மல்லாத்தினார். இன்னொன்றை மல்லாத்தினார். ஆறையும் மல்லாத்தி முடித்தபிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் ஆம்பள."

எனக்குப் புரியவில்லை.

"வயித்தைப் பாரு. நடுவுல கூரா, குச்சியாட்டம் ஒட்டிக்கினு கீதே, அது ஆம்பள. பொட்டைக்கு அந்த மூடி அகலமா, அரைவட்டமா இருக்கும். அதுக்குள்ளதான் முட்டை போட்டு அடைகாக்கும். ஆம்பளையை ஒடைச்சா இன்னா கீது, வெறும் சதை. இந்த மாசத்துல பொட்டைக்கு ஓட்டுக்குள்ள சினை கட்டிக்கினு இருக்கும், செவப்பா. அதை வுட்டுட்டு நீலமா கீதுன்னு தூக்கிகினு வந்தியா? கலியாணத்துக்கா கூப்ட்டோம் அதை, நிறம் பார்த்து எடுக்க?"

என் வீட்டுக்காரர் மெதுவாக, "கொடுக்குல நல்ல சதை கீதேக்கா. எனக்கு அதான் புடிக்கும்" என்றார். எனக்காகத்தான் சொன்னார் என்று தெரிந்தது. அவர் அன்றைக்கு நாலு நண்டு சாப்பிட்டார். நாத்தனார் ஊறுகாயை வைத்துக்கொண்டு மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மோர்ச்சோறு என்னை நாலு நாள் தூங்கவிடவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனபிறகு நாத்தனார் கூடையை எடுத்து என் கையில் கொடுத்தார். "இன்னிக்குப் பொட்ட நண்டு. இல்லேன்னா அப்டியே ரயில் ஏறிப் போய்டு" என்றார். சிரிக்காமல் சொன்னார். இன்றைக்கு யோசித்தால் அது விளையாட்டாகக்கூட இருந்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முகத்துவாரத்தில் அன்று ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். கட்டுமரங்கள் தூரமாகப் போகக் கூடாது என்று தடுத்துவைத்திருந்தார்கள். மணலில் கிடந்த கூடைகளில் பாதி காலி. ஈரச் சாக்கு மூடின கூடையோடு ஒரு மீன்காரம்மா மட்டும் நண்டு வைத்திருந்தார். கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு பேசுகிற அம்மா. போன தடவையும் அவரிடம்தான் வாங்கினேன்.

சாக்கை விலக்கினார். எல்லாக் கொடுக்குகளையும் தென்னங்கயிற்றால் கட்டியிருந்தார். எட்டு நீல நண்டு. ஓரமாக ஒரே ஒரு பாசிநிற நண்டு.

"பொட்டை நண்டு இல்லையாம்மா?" என்றேன்.

"எங்கம்மா வலை போட வுடறான். கெடைச்சது இதான். காலைல இன்னும் ரெண்டு பொட்டை வந்துச்சு. முட்டையை வெளியில தள்ளிட்டு, அடி வயிறெல்லாம் கறுப்பா பஞ்சாட்டம் இருந்துச்சு. அது சாப்ட ஆவாது, ஆத்துலயே வுட்டுட்டேன். ஆம்பளை எடுத்துக்கினு போ. அமுக்கிப் பாரு, சதை கெட்டியா கீது."

"அந்த ஒன்னு?"

அவர் அதைத் தூக்கிக் காட்டினார். கால்கள் தொங்கின. ஒரு காலின் நுனி மட்டும் மெல்ல மடங்கி விரிந்தது. வயிற்றில் அகலமான அரைவட்ட மூடி.

"இது போய்க்கினு கீதும்மா. வேணாம். வூட்டுக்குப் போறதுக்குள்ள செத்துடும். செத்த நண்டைச் சாப்டக் கூடாது."

"உயிர் இருக்குதில்ல?"

"இப்ப கீது."

"நான் வேகமா நடந்துருவேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாருக்கும்மா அவ்ளோ ஆசை?" என்று கேட்டார். இரண்டு ஆண் நண்டுகளையும் அந்தப் பெண் நண்டையும் வாங்கி, ஈரச் சாக்கில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி மூடிக்கொண்டு நடந்தேன். நடை என்ன, ஓட்டம்தான். வேகமாகப் போனால் முக்கால் மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். போனதும் வெந்நீரில் போட்டுவிடலாம். அந்த நினைப்பில்தான் வந்தேன்.

பாதி வழியில் விமானம் வருகிறது என்று அபாயச் சங்கு ஊதியது.

ஏறி ஏறி இறங்குகிற அந்தச் சத்தத்தை அதற்கு முன்பு ஒத்திகையில் கேட்டிருந்தேன். அப்போது முதல்நாளே சொல்லிவிட்டு ஊதினார்கள். இன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ரோட்டில் இருந்த நாலைந்து பேர் ஓடினார்கள். தலையில் இரும்புத்தொப்பி போட்ட, குண்டுவீச்சுக் காவலுக்கு வைத்திருந்த ஏ.ஆர்.பி. ஆள் ஒருவர் என் தோளைப் பிடித்து ரோட்டோரம் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் தள்ளினார். உள்ளே ஏழு பேர் இருந்தோம். ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். ஒரு பெண் தன் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், அது அழுதால் ஆகாயத்தில் கேட்டுவிடும் என்பது போல.

"இன்னா நாத்தம் இது? கூடையை மேல வையி" என்று யாரோ சொன்னார்கள். ஏ.ஆர்.பி. ஆள் என் கையிலிருந்து கூடையைப் பிடுங்கிக் குழியின் விளிம்பில் வைத்தார்.

நான் ஆகாயத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெள்ளை வெயில்தான். எங்கேயோ ஒரு இரைச்சல் கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. நான் செத்துப்போனால் என்னை யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். உடனே, கூடையில் வெயில் அடிக்கிறதே என்று நினைத்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்தேன் என்பதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு சங்கு ஒரே சீராக நீளமாக ஊதி நின்றது. விமானம் வந்ததா, யாராவது தவறுதலாக ஊதினார்களா என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வெளியே வந்து சாக்கை விலக்கிப் பார்த்தேன். ஆண் நண்டுகள் இரண்டும் வாயில் நுரை விட்டுக்கொண்டிருந்தன. பெண் நண்டு அசையவில்லை. அதன் கண்ணை விரலால் தொட்டேன். கண் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

அங்கேயே சாக்கடையில் வீசியிருக்கலாம். வீசவில்லை.

வீட்டு வாசலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. "இத்தினி நேரம் எங்கே போன?" என்று கேட்டார். சங்கு ஊதியபோது தனியாகக் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருந்ததாகப் பிற்பாடு ஒருநாள் சொன்னார். அன்றைக்கு நான் கேட்டது கோபத்தை மட்டும்தான். அவர் குனிந்து கூடைக்குள் பார்த்தார். குச்சியால் மூன்றையும் மல்லாத்தினார்.

"ஒன்னுதான் பொட்டையா? சரி வுடு. உசுரோட கீதா?"

"கீது" என்றேன்.

இந்த ஊர்ப் பேச்சு என் வாயில் முதன்முதலாக வந்தது அந்தப் பொய்யில்தான்.

அவர் துணி துவைக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் அடுப்படியில் உட்கார்ந்து மேலோட்டைப் பிரித்தேன். உள்ளே சினை இருந்தது, கெட்டியாக, செங்கல் நிறத்தில். சதை மட்டும் தொட்டால் கூழாக இருந்தது. லேசான ஒரு வாடை. கடல் வாடைதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இஞ்சியும் பூண்டும் மிளகும் வழக்கத்தைவிட அதிகமாக வைத்து அரைத்தேன். புளியைக் கூட்டினேன். பெண் நண்டை மட்டும் தனியாகச் சின்னச் சட்டியில் வைத்தேன், சினை கரைந்துவிடக் கூடாது என்று நாத்தனாரிடம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம், அவருடைய தம்பி இராத்திரிக்குச் சாப்பிடும் சட்டியில் அது சேரக் கூடாது என்பதுதான். அப்படியானால் எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

நாத்தனார் சாப்பிட உட்கார்ந்தார். ஓட்டிலிருந்து சினையை விரலால் வழித்துச் சோற்றில் பிசைந்தார். நான் சுவரில் சாய்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாய் சாப்பிட்டபிறகு தலை நிமிர்ந்தார்.

"நல்லா கீது" என்றார்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் என் சமையலை நல்லாயிருக்கிறது என்று சொன்னார். வேண்டாம்க்கா, வெச்சிடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் ஓட்டைச் சப்பி முடித்து, சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, பிழைத்தேன் என்று நினைத்தேன். அப்போது கூடத்தில் அவர் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

முதலில் வாந்தி. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். திரும்பி வருவதற்குள் மறுபடியும் ஓடினார். நாலாவது தடவை எழுந்து நிற்க முடியவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். கை சில்லிட்டிருந்தது. கண் உள்ளே போய்விட்டது. இவ்வளவு சீக்கிரத்தில் ஒரு முகம் மாறும் என்று நான் நினைத்ததில்லை.

அப்போது நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரைக் கூப்பிட ஓடுவதற்கு முன்னால் அடுப்படிக்குப் போனேன். அந்தப் பெண் நண்டின் ஓடு, மிச்சம் வைத்த கால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய்க் கொல்லையில் வாழைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன். உள்ளே அவர் முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் வீடு எனக்குத் தெரியும். வழியெல்லாம் பூட்டின கதவுகள். குண்டு அதிர்ச்சியில் தெறிக்காமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்கும் காகிதம் ஒட்டியிருந்தது. என் காலடிச் சத்தம் எனக்கே பின்னால் யாரோ வருவது போலக் கேட்டது. டாக்டர் வீட்டில் நெடுநேரம் தட்டினபிறகு சமையல்காரர் ஒருவர் கதவைப் பாதி திறந்தார்.

"டாக்டர் கும்பகோணம் போயாச்சும்மா. ஆத்துல யாருமில்லை. நான் வீட்டைப் பார்த்துண்டு இருக்கேன்."

"வேற டாக்டர்?"

"எல்லாருமே கிளம்பிட்டா. கச்சேரி ரோட்ல மசூதிக்குப் பக்கத்துல ஒரு ஹக்கீம் இருக்கார். அவர் போகலைன்னு கேள்வி. போய்ப் பாரு."

யூனானி வைத்தியம் பார்க்கிற அந்த ஹக்கீம் போகவில்லை. வெள்ளைத் தாடி, மூக்குக்கண்ணாடி, சின்ன மருந்துக்கடை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதைக் கேட்டுவிட்டு, மரப்பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். வரும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பக்கத்து வீட்ல, எதிர் வீட்ல யாருக்காச்சும் வாந்திபேதி கீதா?"

"யாருமே இல்லைங்க, எல்லாம் பூட்டியிருக்கு."

வீட்டில் நாத்தனார் சுவரோரம் சுருண்டு கிடந்தார். ஹக்கீம் நாடி பார்த்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். புறங்கைத் தோலை இழுத்துவிட்டார், அது மெதுவாகத்தான் திரும்பியது. பெட்டியைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அம்மா, இது காலராவா இருந்தா நான் மறைக்க முடியாது. கார்ப்பரேஷனுக்குச் சொல்லணும். அவங்க வண்டி கொண்டாந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாங்க."

படுத்திருந்த நாத்தனார் அவர் காலை எட்டிப் பிடித்தார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வண்டில ஏத்தாதே சாமி. இங்கியே சாவறேன். என் வூட்டுக்காரரை அப்டித்தான் இட்டுகினு போனாங்கோ. நடந்துபோய் ஏறுனாரு. மூணாம் நாள் செத்துட்டாருன்னாங்கோ. மூஞ்சியைக்கூடக் காட்டல. வண்டில மட்டும் ஏத்தாதே."

இந்த விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. புருஷன் சீக்கு வந்து இறந்தார் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ஹக்கீம் என் பக்கம் திரும்பினார். "இவங்க இன்னிக்கு இன்னா சாப்ட்டாங்க? நீ அதே சாப்ட்டியா?"

"நண்டு. நான் சாப்பிடலைங்க."

"நல்ல நண்டா?"

நான் தரையைப் பார்த்தேன். ஆமாம் என்று சொன்னால் காலராதான் என்று முடிவாகி வண்டி வரும். இல்லை என்று சொன்னால் எனக்கு இந்த வீடு இல்லை. நாத்தனார் ஹக்கீமின் காலை இன்னும் விடவில்லை. அவர் விரல்கள் நீலம்பாரித்திருந்தன.

"செத்த நண்டுங்க" என்றேன். "வரும்போதே செத்துப்போச்சு. தெரிஞ்சுதான் ஆக்கினேன்."

நாத்தனார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் படிக்க முடியவில்லை.

"மிச்சம் ஏதாச்சும் கீதா?" என்றார் ஹக்கீம்.

அதே கூடையில் வந்த இரண்டு ஆண் நண்டு அடுப்படியில் இருப்பதைச் சொல்லிவிட்டு, கொல்லைக்குப் போய் வாழைமரத்தடியைக் கையாலேயே தோண்டினேன். நகத்தில் மண்ணும் ரத்தமும் ஏறியது. ஓட்டையும் கால்களையும் வயிற்று மூடியையும் மண்ணோடு ஒரு இலையில் வைத்துக் கொண்டுவந்தேன். ஹக்கீம் முகர்ந்துபார்த்து உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரலால் ஒரு காலைப் பிதுக்கினார். நூல்நூலாக வர வேண்டிய சதை பசையாக வந்தது.

"சரி. இது கெட்டுப்போன சாப்பாடுதான்னு நினைக்கறேன். மாலை நமாஸ் வரைக்கும் நான் இங்கேயே உக்காந்திருக்கேன். அதுக்குள்ள நின்னுடுச்சுன்னா யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நிக்கலேன்னா சொல்லித்தான் ஆகணும். போய்த் தண்ணியைக் கொதிக்க வை. உப்பு, சக்கரை எடு."

அந்த இரண்டு மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்டால், கரண்டி கரண்டியாகக் கழித்தேன் என்றுதான் சொல்வேன். ஆறின வெந்நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து ஒவ்வொரு கரண்டியாக வாயில் விட வேண்டும். முதலில் கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. ஹக்கீம் சலிக்காமல், "மறுபடி கொடு" என்பார். இடையில் ஏதோ பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். நாத்தனார் கண்ணைத் திறக்கவில்லை. நான் கரண்டியை உதட்டருகே கொண்டுபோகும்போதெல்லாம் அவர் வாயை மட்டும் திறந்தார். நான் கொடுத்ததைச் சாப்பிட்டுத்தான் இப்படிக் கிடக்கிறார். மறுபடியும் என் கையிலிருந்துதான் வாங்கிக் குடிக்க வேண்டியிருக்கிறது. அவர் கழுத்தில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தேன்.

தெருவில் எங்கேயோ ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அது நிற்காமல் போய்விட்டது.

வெயில் சாயும் நேரத்தில் வாந்தி நின்றது. அதற்கப்புறம் ஒரு தடவைதான் கொல்லைக்குப் போனார். ஹக்கீம் புறங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு வருது" என்றார். தன் குடையைத் தேடி எடுத்தார். வாசலில் நின்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்த ரெண்டு ஆம்பள நண்டையும் கொட்டிடு. ஒரே கூடையில இருந்தது" என்றார்.

விமானத்துக்குப் பயந்து விளக்கை மறைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் வீட்டுக்காரர் வந்தார். கூடத்தில் கிடந்த அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னேன். புதைத்ததையும் சொன்னேன். எப்போதும் எனக்காக ஒரு வார்த்தை பேசுகிற மனிதர் அவர். அன்றைக்கு அவர் முகம் கறுத்துப்போனது.

"தெரிஞ்சே போட்டியா? என் அக்காவுக்கா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

படுத்திருந்த நாத்தனாரின் குரல் வந்தது. காற்றுப் போல இருந்தது.

"நைனா, வுடு. அவ சொன்னதாலதான் நான் வூட்ல கீறேன். அவ வாயை மூடிகினு இருந்திருந்தா இந்நேரம் என்னைத் தூக்கிகினு போயிருப்பாங்கோ."

என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று யாரும் சமைக்கவில்லை. கஞ்சித் தண்ணீரை மூன்று பேரும் குடித்தோம்.

அதற்குப் பிறகும் எனக்குப் பயம் தீரவில்லை. இனிமேல்தான் கேட்பார், எழுந்து உட்காரட்டும் என்று காத்திருந்தேன். என் துணிகளை மடித்து ஒரு மூட்டையாகக் கட்டிவைத்தேன். மூன்றாம் நாள் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். கிண்ணத்தை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மீன்காரி சொல்லலியா உனக்கு, வேணாம்னு?"

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் எடுத்த?"

"பொட்டை இல்லாம வந்தா ரயில் ஏறுன்னு சொன்னீங்க."

அவர் தன் கையை விரித்துப் பார்த்தார்.

"என்னைக் கண்டா அவ்ளோ பயமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "ஆமாங்க்கா" என்றேன்.

அவர் முகம் கோணியது. அழப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று தெரியாமல் நான் நின்றேன். இரண்டும் இல்லை. "எனக்கு மட்டும் இன்னா? இந்தத் தம்பியை வுட்டா யாரு கீறாங்க எனக்கு? நீ வந்து அவனை உன் பக்கம் இட்டுகினு போய்டுவேன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "போ, போய்ச் சோறு வடி. குழைஞ்சிடப் போவுது" என்றார்.

மூட்டையை அன்று மாலை அவிழ்த்தேன். அவிழ்ப்பதை அவர் கூடத்திலிருந்து பார்த்தார், கேட்கவில்லை.

மழைக்காலத்துக்குள் சனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சந்தில் மறுபடியும் குழந்தைகள் சத்தம் கேட்டது. நாத்தனார் மாறிப்போய்விட்டார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அதே குரல், அதே பார்வை. உப்புக் கூடினால் அதே பேச்சு. ஆனால் என்னை ஊருக்கு அனுப்புவதாக அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. நானும் அவரிடம் பயந்துகொண்டு எதையும் மறைத்ததில்லை. பால் திரிந்தால் திரிந்தது என்று போய்ச் சொல்லிவிடுவேன். அவர் திட்டுவார், நான் கேட்டுக்கொண்டு நிற்பேன், பிறகு இரண்டு பேரும் வேலையைப் பார்ப்போம். நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் இன்னும் பத்தொன்பது வருஷம் சேர்ந்திருந்தோம்.